நாட்காட்டியில் பிறந்த பெயர்கள்



பிரெஞ்சு மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இடும் பெயர்களே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். குடும்பப்பெயரைப் பற்றி அங்கங்கே சொல்ல நேரும். என் கவனமெல்லாம் தாயும் தகப்பனும் தேர்ந்து வைக்கும் முதற்பெயரின் மீதுதான். எந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று அகரவரிசையில் சொல்லும் கையேடுகள் பிரான்சின் புத்தகக் கடைகளில் நிறையக் கிடைக்கும். அவை சொல்வதெல்லாம் பெரும்பாலும் வேர்ச்சொல் விளக்கம். வேர்ச்சொல் ஆராய்ச்சியில் எனக்கும் ஈடுபாடு உண்டு. ஆனாலும் ஒரு பிரெஞ்சுப் பெயரின் பொருளை அறிய வேரை மட்டும் தோண்டினால் போதாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பெயரை முன்பு தாங்கியவர் யார், ஆண்டின் எந்த நாள் அதற்கு உரியது, அதை வைக்க இசைந்தவர் யார், மறுத்தவர் யார் என்று கேட்டுப் பார்த்தால்தான் அதன் பொருள் முழுதாகப் பிடிபடும்.

சில பெயர்களை எடுத்துப் பார்ப்போம். குளோத் என்ற பெயர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஓவியர் மொனேயும் இசையமைப்பாளர் தெபுசியும் மானுடவியலறிஞர் லெவி-ஸ்திரோசும் குளோத்துகளே. அதன் லத்தீன் வேருக்குக் கால் ஊனமானவர் என்று பொருள். செசில் என்ற பெண்பெயரின் லத்தீன் வேர், பார்வையற்றவர் என்ற சொல்லோடு உறவுடையது. போல் என்றால் சிறியவன். மகளுக்குக் கண் தெரியக்கூடாது என்று எண்ணி எந்தத் தாயாவது செசில் என்று வைத்திருப்பாளா? உரோமாபுரியில் சமயத்துக்காக உயிர்விட்ட செசிலியாவை, இசைவாணர்களின் காவலராகப் போற்றப்படும் அந்தப் புனிதரை நினைத்துத்தான் வைத்தாள். வேரின் பொருள் எப்போதோ உதிர்ந்துவிட்டது. அந்தப் பெயரோடு வாழ்ந்து மறைந்தவரின் நினைவே பொருளாக அதன்மேல் படிந்திருக்கிறது.

இதற்கு இன்னும் அழுத்தமான சான்று உண்டு. பாரிசின் முதல் ஆயராகப் போற்றப்படுபவர் புனித தெனி. மோன்மார்த்ர் குன்றில் அவர் தலை வெட்டப்பட்டதாக மரபு சொல்கிறது. அவர் பெயரின் வேர் தியோனிசோஸ், கிரேக்கர்களின் மதுக் கடவுள். தன் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டி, குளிரில் நடுங்கிய ஏழைக்குப் பாதியைக் கொடுத்தவர் தூர் நகரத்துப் புனித மார்த்தேன். அவர் பெயரோ மார்சு என்ற உரோமரின் போர்க்கடவுளிடமிருந்து வந்தது. அந்த ஈகையாளரின் புகழால்தான் பெயர் நாடெங்கும் பரவியது. இன்று பிரான்சில் ஆக அதிகமானோருக்கு உள்ள குடும்பப்பெயரும் அதுவே.

இந்த இடத்தில் தமிழ்க் கிறித்தவ மரபை நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. பிரெஞ்சுக்காரர் காதில் போல் என்பது வெறும் பெயர். சிறுமை என்ற பொருள் அதில் ஒலிப்பதில்லை. தமிழ்நாட்டில் பணியாற்றிய பழைய கத்தோலிக்க மறைபரப்பாளர்களும் அவர்களோடிருந்த தமிழ்ப் புலவர்களும் அந்தப் பொருளைத் தேடி எடுத்தார்கள். பவுல் என்ற அப்போஸ்தலர் தமிழில் சின்னப்பர் ஆனார். ஆண்டவர் அருளினார் என்று பொருள்படும் எபிரேயப் பெயர்தான் பிரெஞ்சில் ழான். அந்தப் பெயருடைய அப்போஸ்தலர் இங்கே அருளப்பர் ஆனார். வேர்ப்பொருள் மங்கிப்போன பெயர்களுக்குத் தமிழ் மறுபடி பொருள் ஊட்டியது. சின்னப்பன், அருளப்பன் என்று பிள்ளைகளைக் கூப்பிட்ட ஊர்களில் அந்தப் பொருள் நாள்தோறும் வாயில் புழங்கியது. ஐரோப்பிய மொழிகள் இந்தப் பெயர்களை ஒலியளவில் திரித்து ஏற்றுக்கொண்டன. பொருளைப் பெயர்த்து வைத்த இந்தச் செயலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சவேரியாரையும் சொல்லவேண்டும். 1542-இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் உழைத்த பிரான்சிசு சவேரியார் நவார் நாட்டில் ஒரு கோட்டைவீட்டில் பிறந்தவர். சவியேர் என்பது அந்தக் கோட்டைக்கும் ஊருக்கும் உரிய பெயர். பாசுக்கு மொழியில் அதற்குப் புதுவீடு என்று பொருள். ஒரு வீட்டின் பெயர் ஒருவரது புனிதத்தால் பிள்ளைகளுக்கு இடும் பெயராக மாறிவிட்டது. பிரான்சில் இன்று கசவியே என்று அழைக்கப்படுபவர்களுக்கும் இங்கே சவேரியாருக்கும் மூலம் அந்த ஒரே வீடுதான். ஷாந்தால் என்ற பெண்பெயரும் இப்படி வந்ததே. 1767-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட ழான்-பிரான்சுவாஸ் தெ ஷாந்தால் அம்மையாரின் கணவர் வீட்டுப் பட்டம் அது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆயிரமாயிரம் பெண்குழந்தைகளுக்கு அதை வைத்தார்கள்.

இனி பிராங்கு இனத்தவர் கொண்டுவந்த ஜெர்மானியப் பெயர்களுக்கு வருகிறேன். பொருள் கையேடுகள் ஆக அதிகமாகத் தடுமாறும் இடம் இது. பெர்னார் என்றால் கரடியும் வலிமையும். ரொபேர் என்றால் புகழும் ஒளியும். ழெரார், ஈட்டியும் வலிமையும். கியோம், மனவுறுதியும் தலைக்கவசமும். ஆன்ரி, இல்லமும் ஆட்சியும். மதில்த், ஆற்றலும் போரும். இரண்டிரண்டு சொல்லாக இருப்பதைக் கவனியுங்கள். கையேடுகள் இவற்றைக் கோத்து, கரடியைப் போல் வலிமை மிக்கவன் என்று ஒரு வாக்கியமாக்கிக் கொடுக்கும். அந்த மக்களின் வழக்கம் வேறு. தகப்பன் பெயரிலிருந்து ஒரு துண்டு, தாய் பெயரிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பிள்ளையின் பெயரைக் கட்டுவார்கள். இரண்டு துண்டும் சேர்ந்து பொருள் தருகிறதா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. இந்தப் பிள்ளை இன்னார் வயிற்றில் இன்னாருக்குப் பிறந்தது என்று பெயரே சொல்லிவிடவேண்டும், அவ்வளவுதான்.

அவற்றுள் ஒரு பெயர் பிரான்சின் வரலாற்றையே சுமந்து வந்தது. ஹ்லோத் என்றால் புகழ்பெற்ற, விக் என்றால் போர். இந்த இரண்டும் சேர்ந்த பெயரை உடைய பிராங்கு அரசன் ரேன்ஸ் நகரில் ஆயர் ரெமி கையால் திருமுழுக்குப் பெற்றான். அவன் பெயர் லத்தீன் ஏடுகளில் ககர ஒலியோடு பதிந்து, இன்று நாம் படிக்கும் குளோவிஸ் ஆனது. மக்கள் நாவில் அந்த முதல் ஒலி தேய்ந்து மறைந்தது, நடுவிலிருந்த ஒலிகளும் கரைந்தன, மிஞ்சியது லூயி. ஆக, குளோவிசும் லூயியும் ஒரே பெயர். அந்தப் பெயரில் 18 வரை எண் போட்டு அரசர்களை எண்ணினார்கள். அவர்களில் ஒன்பதாம் லூயி 1297-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதன்பின் அந்தப் பெயர் போரை மறந்தே போனது. ஓக் மரத்தடியில் அமர்ந்து நீதி வழங்கிய அரசர் என்ற நினைவும் ஆகஸ்டு 25 என்ற திருநாளும் அதற்குப் பொருளாயின.

திருநாள் என்றதும் நாட்காட்டியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஆண்டு முடியும் தறுவாயில் பிரான்சில் தபால்காரர் வீடுவீடாக வந்து நாட்காட்டி கொடுப்பார். வீட்டார் தங்களால் இயன்ற அன்பளிப்பைக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அதில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ஒரு பெயர் அச்சாகியிருக்கும். நவம்பர் 22 செசில். நவம்பர் 25 கத்தரீன். டிசம்பர் 31 சில்வெஸ்திர். உங்கள் பெயர் அச்சாகியிருக்கும் நாள் உங்கள் பெயர்நாள். அன்று வாழ்த்துச் சொல்வார்கள். தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர், நாளைக்கு இன்ன புனிதரின் நாள் என்று முடிப்பதும் வழக்கம். கத்தரீன் நாளன்று, 25 வயதாகியும் மணமாகாத பெண்களுக்குப் பச்சையும் மஞ்சளுமாகத் தொப்பி செய்து சூட்டும் வழக்கம் பாரிசின் தையற்கூடங்களில் நெடுங்காலம் கொண்டாட்டமாக நடந்தது.

இதன் பின்னால் கோயில் ஏட்டின் வரலாறு இருக்கிறது. 1539-இல் முதலாம் பிரான்சுவா அரசர் வில்லேர்-கொத்தரே என்னுமிடத்தில் ஓர் ஆணை பிறப்பித்தார். நீதி ஆவணங்களெல்லாம் பிரெஞ்சு மொழியில் இருக்கவேண்டும் என்ற ஆணையாகத்தான் அது புகழ்பெற்றது. பங்குக்குருமார்கள் திருமுழுக்குப் பதிவேடு வைத்திருக்கவேண்டும் என்றும் அதே ஆணை விதித்தது. பின்னர்த் திரெந்து பொதுச்சங்கத்தின் சீர்திருத்தங்கள் வந்தன. 1614-இல் வெளியான உரோமைச் சடங்குநூல், குழந்தைகளுக்குப் புனிதர் பெயரே வைக்கப்படுமாறு பார்த்துக்கொள்ளக் குருக்களை அறிவுறுத்தியது. நடைமுறையில் பெயரைத் தேர்ந்தவர்கள் ஞானப்பெற்றோர். பல ஊர்களில் முதல் பிள்ளைக்குத் தாத்தாவோ பாட்டியோதான் ஞானத்தந்தை, ஞானத்தாய். தாத்தா பெயரைச் சுமப்பதால் பேரன் என்று சொல்லும் நமக்கு இது விளங்காத வழக்கம் அல்ல.

இதனால் பெயர்களின் எண்ணிக்கை மிகவும் சுருங்கியது. ஊருக்கு ஊர் ழான், பியேர், மரி, ழான் என்பதன் பெண்பாலான ழான்ன் என்று இவையே திரும்பத் திரும்ப வந்தன. மரி என்ற பெயர் ஆண்களுக்கும் இடப்பட்டது. அன்னையின் பாதுகாப்பில் பிள்ளையை ஒப்படைத்ததற்கு அடையாளம் அது. வொல்தேரின் இயற்பெயர் பிரான்சுவா-மரி. விக்தோர் உய்கோ பதிவேட்டில் விக்தோர்-மரி. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த லஃபயேத்தின் நீண்ட பெயர் வரிசை மரி என்றே தொடங்குகிறது. 1900-ஆம் ஆண்டில் பிரான்சில் பிறந்த பெண்குழந்தைகளில் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு முதற்பெயர் மரி. அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனம் வெளியிடும் பெயர்வாரிக் கணக்கு அந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது.

நாட்காட்டியிலிருந்து நேரே இறங்கிவந்த பெயர்களும் உண்டு. உயிர்ப்புத் திருநாளிலிருந்து பஸ்கால், கிறிஸ்துமசிலிருந்து நொயெல், எல்லாப் புனிதர் நாளான நவம்பர் 1-லிருந்து தூசேன். ஹெய்தித் தீவில் அடிமைகளின் விடுதலைப் போரை நடத்திய தூசேன் லூவெர்த்யூர் அந்த நாளின் பெயரைத் தாங்கியவர். பெற்றோரின் உள்ளத்தை அப்படியே காட்டும் பெயர்கள் வேறு உள்ளன. தெசிரே என்றால் ஏங்கிப் பெற்ற பிள்ளை, எமே என்றால் அன்புக்குரியவன், ரெனே என்றால் மறுபிறப்பு எடுத்தவன், தியெதொனே என்றால் கடவுள் தந்தவன். பதின்மூன்றாம் லூயி அரசருக்கு 1615-இல் திருமணம். வாரிசு பிறந்தது 1638-இல். அந்தப் பிள்ளைக்கு லூயி-தியெதொனே என்று பெயரிட்டார்கள். உலகம் அவரைப் பதினான்காம் லூயி என்று அறியும். இருபத்திரண்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் பிறந்த பிள்ளைக்குக் கடவுள் தந்தவன் என்று வைத்தபோது, அந்தப் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் பொருளுடையதாக இருந்தது.

புரட்சி வந்தது. 1792 செப்டம்பர் 20-ஆம் நாள், பிறப்பு இறப்புப் பதிவேடு கோயிலிலிருந்து நகராட்சியின் கைக்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டு நாட்காட்டியே மாற்றப்பட்டது. கவிஞர் ஃபாபர் தெக்லாந்தின் மாதங்களுக்குப் புதுப்பெயர் சூட்டினார். ஒவ்வொரு தேதியிலும் இருந்த புனிதரை எடுத்துவிட்டு அங்கே பயிரையும் விலங்கையும் கருவியையும் வைத்தார்கள். ஆண்டின் முதல் நாள் திராட்சை, இரண்டாம் நாள் குங்குமப்பூ, ஐந்தாம் நாள் குதிரை, ஏழாம் நாள் காரட், பத்தாம் நாள் திராட்சைச் சாறு நொதிக்கும் தொட்டி. பிள்ளைகளுக்குப் புரூத்துஸ் என்றும் மரா என்றும் ஃபுளோரெயால் என்றும் விடுதலை என்றும் பெயரிட்டவர்கள் இருந்தார்கள். பெரியவர்களும் மாற்றிக்கொண்டார்கள். பிரான்சுவா-நொயெல் பாபெஃப், பழைய உரோமில் நிலச்சீர்திருத்தத்துக்காக உயிர்விட்ட சகோதரர்களின் பெயரான கிராக்குஸ் என்பதை எடுத்துக்கொண்டார். அரச குடும்பத்தைச் சேர்ந்த ஓர்லேயான் கோமகன் ஃபிலிப், சமத்துவம் என்று பொருள்படும் எகாலித்தே என்பதைப் பெயரில் சேர்த்துக்கொண்டார். 1793-இல் அவர் தலையும் வெட்டப்பட்டது. அந்த நாள்களில் வந்த பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது மரியான். மரி, ஆன் என்ற இரண்டு பெயர்களும் சேர்ந்த இது, அன்று குடியானவர் வீடுகளிலும் வேலைக்காரப் பெண்களிடமும் மிகுந்திருந்த பெயர். 1792-இல் தென்பகுதியின் ஒக்சித்தான் மொழிப் பாட்டு ஒன்று குடியரசை மரியான் என்று அழைத்தது. அந்தப் பெண்ணின் மார்பளவுச் சிலைதான் இன்று பெரும்பாலான நகராட்சி மன்றங்களில் இருக்கிறது. குடியரசுக்கு அரசியின் பெயரை வைக்காமல் ஏழைப்பெண்ணின் பெயரை வைத்தார்களே, அந்தத் தேர்வின் பெருமையை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

குடியரசு நாட்காட்டி 1806 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, 1803 ஏப்ரல் 1 அன்று, பெயர்களுக்கென்றே ஒரு சட்டம் வந்துவிட்டது. பல்வேறு நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பண்டைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களையும் தவிர வேறெதையும் பிறப்பேட்டில் பதியக்கூடாது என்பது அதன் சாரம். இதில் ஒரு சிக்கல் எழுந்தது. நாட்டை ஆண்டவரின் பெயரான நெப்போலியன் எந்த நாட்காட்டியிலும் இல்லை! பழைய உயிர்த்தியாகிகளின் பட்டியலில் நெயொபோலிஸ் என்று ஒருவரைத் தேடிக் கண்டெடுத்து, பேரரசரின் பிறந்தநாளான ஆகஸ்டு 15-ஐப் புனித நெப்போலியன் நாளாக 1806-இல் அறிவித்தார்கள். பேரரசருக்காக நாட்காட்டியே வளைந்து கொடுத்தது. குடிமக்களுக்கு அது வளையவில்லை.

யாருக்கு வளையவில்லை என்று பார்க்கப் பிரெத்தாஞ் பகுதிக்குப் போகவேண்டும். மேற்குக் கடற்கரையில் உள்ள அந்தப் பகுதிக்குச் சொந்த மொழி உண்டு, சொந்தப் புனிதர்களும் உண்டு. மயெல் என்றால் தலைவன். குவெனயெல் என்பதில் வெண்மையும் ஈகையும் கலந்திருக்கின்றன. ஃபாஞ்ச் என்பது பிரான்சுவாவின் பிரெத்தோன் வடிவம். இரண்டாம் உலகப்போர் முடிந்த பின், அங்கே ஒரு தம்பதி தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெத்தோன் பெயர்களை வைத்தார்கள். பெயர் நாட்காட்டியில் இல்லையென்று நகராட்சி அலுவலர் பதிய மறுத்தார். அவர்களும் மாற்ற மறுத்தார்கள். பிறப்புப் பதிவு இல்லாததால் சட்டத்தின் கண்ணுக்கு அந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. குடும்பத்துக்குச் சேரவேண்டிய உதவித்தொகை நின்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. வீட்டுக்குள் ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிடும் பெயருக்கு, தலைநகரத்தில் அச்சான ஒரு பட்டியலிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஒரு மொழியின் மேல் ஏவப்பட்ட வன்முறை என்றே இதை நான் கருதுகிறேன். நீதிமன்றம் வரை போகத் துணிவில்லாத எத்தனையோ வீடுகள் ஏட்டுக்கு ஒரு பெயர், அடுப்பங்கரைக்கு ஒரு பெயர் என்று வாழப் பழகிக்கொண்டன.

1966-இல் ஓர் அரசுச் சுற்றறிக்கை கட்டுகளைத் தளர்த்தி, வட்டாரப் பெயர்களுக்கும் புராணப் பெயர்களுக்கும் இடம் தந்தது. அப்போதும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. 1983-இல் பிறந்த பெண்குழந்தைக்கு ஒரு பெற்றோர் ஃபுளோர் தெ மரி என்று பெயரிட விரும்பினர். மரியின் மலர் என்று பொருள். எழேன் சூ எழுதிய 'பாரிசின் மர்மங்கள்' நாவலில் வரும் பெண்ணின் பெயர் அது. நாட்காட்டியில் இல்லை என்று மறுத்து, நடுவிலுள்ள இடைச்சொல்லை நீக்கி ஃபுளோர்-மரி என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 1996-இல் அங்கும் பெற்றோர் தோற்றனர்.

அந்தத் தீர்ப்பு வருமுன்பே சட்டம் மாறிவிட்டது. 1993 ஜனவரி 8-ஆம் நாள் சட்டத்தின்படி பெற்றோர் எந்தப் பெயரையும் தேர்ந்தெடுக்கலாம். அலுவலர் அதை உடனே பதிந்துவிட வேண்டும். பெயர் பிள்ளைக்குக் கெடுதல் என்று தோன்றினால் அவர் அரசு வழக்குரைஞருக்குத் தெரிவிக்கலாம். முடிவு நீதிபதியின் கையில். 2014-இல் ஒரு தம்பதி தங்கள் மகளுக்கு நியூட்டெல்லா என்று ரொட்டியில் தடவும் இனிப்பின் பெயரை வைத்தபோது, வலான்சியேன் நீதிமன்றம் அதை எல்லா என்று மாற்றியது. அந்தத் தலையீடு சரியென்றே நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அந்தச் சிறுமி என்ன பாடு படுவாள் என்று நீதிபதி யோசித்தார். நாட்காட்டியைக் காப்பதற்காகத் தலையிடுவதும் குழந்தையைக் காப்பதற்காகத் தலையிடுவதும் ஒன்றாகா. ஆனால் பழைய பழக்கம் எளிதில் போகவில்லை. 2017-இல் கெம்பேர் நகரில் பிறந்த ஒரு குழந்தைக்கு நான் முன்பு சொன்ன ஃபாஞ்ச் என்ற பெயரை வைத்தார்கள். அதிலுள்ள ஓர் எழுத்தின் மேல் சிறிய அலைக்கோடு இடவேண்டும். பிரெஞ்சில் அந்தக் குறி கிடையாது என்று எதிர்த்தார்கள். அந்த ஒரு கோட்டுக்காகப் பெற்றோர் வழக்காடி, 2018 நவம்பரில் ரென் மேல்முறையீட்டு மன்றத்தில் வென்றார்கள்.

நாட்காட்டியின் பிடி விட்டபின் பெயர்களை யார் ஆளுகிறார்கள்? நாகரிகமும் வர்க்கமும் என்று சமூகவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கெவின் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அது பழைய ஐரிஷ் புனிதர் ஒருவரின் பெயர். இனிய பிறப்பு என்பது போன்ற அழகான பொருள் அதற்கு. 1991-இல் பிரான்சில் ஆண்குழந்தைகளுக்கு ஆக அதிகமாக வைக்கப்பட்ட பெயர் அதுதான். அமெரிக்கத் தொடர்களும் திரைப்படங்களும் பார்த்த தொழிலாளர் குடும்பங்களும் எளிய நடுத்தரக் குடும்பங்களும் அதை விரும்பி ஏற்றன. படித்த மேல்தட்டினர் அதைத் தொடவில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது பெயரே கேலிக்கு உள்ளாகியது. விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்தே எடைபோட்டார்கள் என்று அவர்களில் பலர் சொல்லியிருக்கிறார்கள். சமூகவியலாளர் பத்திஸ்த் குல்மோன், பள்ளி இறுதித் தேர்வில் மிகச்சிறந்த தகுதி பெற்றவர்களை முதற்பெயர்வாரியாகப் பிரித்து ஆண்டுதோறும் ஒரு வரைபடம் வெளியிட்டு வந்தார். அதைப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். மதிப்பெண் எடுப்பது பெயரல்ல, பெற்றோரின் கல்வியும் வருவாயும்தான். அவை பெயரில் அப்படியே தெரிகின்றன. தெகாத்லோன் வீரர் கெவின் மயேர் ஒலிம்பிக்கில் இருமுறை வெள்ளி வென்றபோது, அந்தப் பெயரைத் தாங்கிய பலர் தலை நிமிர்ந்திருப்பார்கள் என்று நம்ப விரும்புகிறேன்.

குடியேறியவர்களின் பெயர்களைப் பற்றி அங்கே நடக்கும் சண்டை இன்னும் கசப்பானது. 2022 குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, 1803 சட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று ஒரு வேட்பாளர் வாக்குறுதி தந்தார். பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பெயர் வைக்காதவர் பிரான்சோடு கலக்கவில்லை என்பது அவர் தரப்பு. குல்மோனும் மக்கள்தொகையியலாளர் பத்ரிக் சிமோனும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் 100-க்கு 23 பேருக்குத்தான் அரபு-இசுலாமியப் பெயர் என்று தனித்துச் சொல்லத்தக்க பெயர் இருக்கிறது. சாரா, இனெஸ், லினா, யானிஸ் போல இரு கரைக்கும் பொதுவான பெயர்களை அந்தக் குடும்பங்கள் தாமாகவே தேடி எடுக்கின்றன. சட்டம் கட்டாயப்படுத்தாமலேயே மூன்று தலைமுறையில் நடந்த மாற்றம் இது.

இந்தச் சண்டையின் ஓர் அத்தியாயம் நம் மண்ணிலும் நடந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவின் மக்கள் தங்கள் சாதி சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். அப்படித் துறந்தவர் தமக்கும் தம் வழியினருக்கும் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்து பதிய வேண்டும். அப்படித் துறக்கும் இயக்கத்துக்கு முன்னணியில் நின்றவர் வழக்குரைஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. காலணியோடு நீதிமன்றம் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிசு வரை அந்த வழக்கைக் கொண்டுபோனவர் அவர். அவர் தேர்ந்த குடும்பப்பெயர் லாபோர்த். பிரெஞ்சில் கதவு என்று பொருள். முதற்பெயர் தமிழாகவும் குடும்பப்பெயர் பிரெஞ்சாகவும் அமைந்தது. ரெயூனியோன் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களிடம் இது தலைகீழாக நடந்தது. முன்னோரின் தமிழ்ப்பெயர் குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் திருமுழுக்கின்போது புனிதர் பெயர் கிடைத்தது. அத்தீவின் செனட்டராக இருந்த ழான்-போல் விராபுல்லே என்ற பெயரை உரக்கச் சொல்லிப்பாருங்கள். உள்ளேயிருக்கும் தமிழ்ப்பெயர் தானே வெளிப்படும். அங்கே பல குடும்பங்களில் ஏட்டுக்கு ஒரு பெயரும் கோயிலுக்கு ஒரு தமிழ்ப்பெயரும் வழங்கின. பிரெத்தாஞ் வீடுகளில் கண்ட அதே இரட்டை வாழ்க்கை.

புதுச்சேரியின் லூர்துமேரிகளையும் லூர்துசாமிகளையும் இந்த வரலாற்றில் சேர்த்தே பார்க்கவேண்டும். 1858-இல் லூர்து நகரின் குகையில் அன்னையைக் கண்டதாகச் சொன்ன சிறுமி பெர்னதெத். அவள் பெயரால் பிரான்சில் பெண்குழந்தைகள் அழைக்கப்பட்டார்கள். வில்லியனூர் மாதா கோயிலைச் சுற்றி வாழ்ந்த நம் மக்கள் லூர்து என்ற அந்த ஊரின் பெயரையே பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஊர் இங்கே ஆளானது. இப்படிப் பெயரிட்டது யார் சொல்லி, எந்தக் குருவின் காலத்தில், எந்தத் தெருவில் தொடங்கிற்று என்பதை அறிய விரும்புகிறேன்.

அதற்கான சான்றுகள் இருக்கின்றன. பிரெஞ்சிந்தியாவின் பழைய பிறப்பு, மண, இறப்பு ஏடுகளின் படிகள் எக்ஸ்-அன்-புரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி இணையத்திலேயே பார்வைக்குக் கிடைக்கிறது. தமிழ்ப்பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் காதால் கேட்டு எழுதியிருப்பார். நம் உகரத்துக்கு இரண்டு எழுத்து, ஜகரத்துக்கு இரண்டு எழுத்து என்று அவர் பட்ட பாடு ஒவ்வொரு வரியிலும் தெரியும். ஒரே தகப்பனின் பெயர் மூன்று பிள்ளைகளின் பதிவில் மூன்று விதமாக இருக்கும். அந்த ஏடுகளை முதற்பெயர் நோக்கில் முழுமையாகப் படிக்க, பிரெஞ்சும் தமிழும் ஒருசேரத் தெரிந்தவர்கள் வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் பலருக்கு இரண்டும் தெரியும். ஒரு பங்கையோ ஒரு கொம்யூனையோ எடுத்துக்கொண்டு, 1850 முதல் 1954 வரை எந்தெந்தப் பெயர் எப்போது நுழைந்தது, எப்போது மறைந்தது என்று பட்டியலிடும் வேலையை உங்களில் இரண்டு மூன்று பேராவது தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் உள்ள குறிப்புகளையும் எழுத்துப்பெயர்ப்பு அட்டவணையையும் துறை நூலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.